புரூக்ஸ் அருவிப் பாதையில் பதினொரு நிமிடம்: ஒரு குழுப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

மாலை 4.35 மணி. அலாஸ்காவின் காட்மாய் தேசியப் பூங்காவில், புரூக்ஸ் அருவியிலிருந்து முகாமுக்குத் திரும்பும் காட்டுப் பாதை. எங்கள் குழுவில் முன்னால் நடந்த ஐந்து பேர் ஒரு வளைவில் திரும்பினார்கள். பதினைந்து மீட்டர் தொலைவில், பாதையின் நடுவே, ஒரு தாய்க்கரடி நின்றிருந்தது. அதன் பின்னங்கால்களை ஒட்டி இரண்டு குட்டிகள். முதலாவதாகப் போன இளைஞர் திரும்பி ஓடத் தொடங்கினார்.

யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. கரடிக்கும் எதுவும் நேரவில்லை. ஆனாலும் "நல்லவேளை, தப்பித்தோம்" என்று சொல்லி அந்தப் பதினொரு நிமிடத்தைக் கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை. பன்னிரண்டு பேர் கொண்ட அந்தக் குழுவைத் திரட்டியவன் நான். நேரத்தைப் பங்கிட்டுத் தாளில் எழுதியவனும் நான். ஓடிய தம்பி பயந்ததில் ஒரு பிழையும் இல்லை. அவரை அந்த வளைவில், அந்த வேகத்தில், வாய்திறக்காமல் கொண்டுபோய் நிறுத்தியது எது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்திருக்கிறேன். குழுவாகப் போக நினைப்பவர்களுக்கு இது உதவும் என்று நம்புகிறேன்.

ஆறும் மீனும் கரடியும்

அங்கரேஜ் நகரிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 290 மைல் பறந்தால் கிங் சால்மன் என்ற சிற்றூர் வரும். புரூக்ஸ் முகாமுக்குச் சாலை கிடையாது. ஏரியில் இறங்கும் மிதவை விமானத்திலோ படகிலோதான் போக வேண்டும். நக்நெக் ஏரிக்கரையில் கால் வைத்ததும் முதலில் கண்ணில் படுவது நுரைக்கல். கையில் எடுத்தால் காய்ந்த ரொட்டித்துண்டின் கனம்தான் இருக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். 1912 ஜூனில் நோவாருப்டா எரிமலை கக்கியது அது. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய எரிமலை வெடிப்பு அதுதான். 1918இல் இந்த நிலத்தைத் தேசிய நினைவிடமாக அறிவித்தபோது காரணம் எரிமலை. கரடிகளின் புகழ் பின்னால் வந்தது. 1980இல் தேசியப் பூங்காவானது. இன்று பூங்கா முழுவதும் சுமார் 2,200 பழுப்புக் கரடிகள் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

புரூக்ஸ் ஆற்றின் நீளம் இரண்டரைக் கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு ஏரியில் கிளம்பி இன்னொரு ஏரியில் முடிந்துவிடுகிறது. நடுவில் ஆறடி உயரத்தில் ஒரு அருவி. பிரிஸ்டல் வளைகுடாவிலிருந்து ஏறிவரும் சாக்கை வகை சால்மன் மீன்கள் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முடியும்வரை அந்த ஆறடியைத் தாண்டிக் குதிக்கின்றன. உலகிலேயே பெரிய சாக்கை வரத்து அந்த வளைகுடாவினுடையது. நன்னீருக்குள் வந்த பிறகு இந்த மீன்கள் இரை எடுப்பதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பை எரித்துக்கொண்டே முட்டையிடும் இடம்வரை நீந்துகின்றன. ஜூலையில் உடல் இன்னும் வெள்ளியாக மின்னும். கொழுப்பும் அப்போதுதான் நிறைந்திருக்கும். கரடிக்கு வேண்டியது அந்தக் கொழுப்பு.

குளிர்கால உறக்கத்தில் ஒரு கரடி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை இழந்துவிடக்கூடும். பெண் கரடிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. கோடையின் தொடக்கத்தில் இணை சேர்ந்தாலும் கரு உடனே கருப்பையில் பதியாது. இலையுதிர் காலம்வரை காத்திருக்கும். அதற்குள் போதிய கொழுப்பு சேராவிட்டால் குட்டி கிடையாது. ஒரு தாய்க்கரடியின் மீன்பிடி நேரத்தில் பத்து நிமிடத்தை நாம் பறித்தால், அது எங்கே போய்ச் சேரும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அருவியில் நல்ல இடங்கள் சில மட்டுமே. பெரிய ஆண் கரடிகள் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். அவற்றால் குட்டிகளுக்கு ஆபத்து என்பதால் தாய்க்கரடிகள் பல அருவியை அண்டுவதில்லை. கீழ் ஆற்றில், முகாமுக்கு அருகில், மனிதர் நடமாட்டம் உள்ள பக்கமாக ஒதுங்குகின்றன. மனிதரைக் கண்டு ஒதுங்கும் பெரிய ஆண்கள் அங்கே குறைவாக வருவதே அதற்குக் காரணம் என்கிறார்கள். அதாவது, அருவிக்கும் முகாமுக்கும் இடையில் நாங்கள் நடந்த அந்தப் பாதையில் குட்டிகளோடு ஒரு தாய் எதிர்ப்படுவது தற்செயல் அல்ல. எதிர்பார்த்திருக்க வேண்டிய ஒன்று. நான் அதை எதிர்பார்க்கவில்லை.

தாளில் இருந்த நாள்

நாங்கள் உறவினரும் நண்பர்களுமாகப் பன்னிரண்டு பேர். மிக இளையவருக்குப் பதினாறு வயது, மூத்தவரான அத்தைக்கு எழுபத்தொன்று. ஜூலை இரண்டாம் வாரம். தங்கும் இடம் கிடைக்காததால் ஒருநாள் பயணம். ஆளுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கட்டியிருந்தோம். அந்தத் தொகையே பின்னால் எங்கள் அவசரத்துக்குத் தீனி போட்டது.

காலை 9 மணிக்கு முகாமில் இறங்குவது, மாலை 5 மணிக்குக் கரையில் விமானம் ஏறுவது. எட்டு மணி நேரம். பயண ஏற்பாட்டாளர் அனுப்பிய நிரலில் "அருவியில் நான்கு மணி நேரம்" என்று இருந்தது. அருவி மேடையில் ஒரே நேரத்தில் 40 பேருக்கு மேல் அனுமதியில்லை, கூட்டமான ஜூலையில் ஒரு முறைக்கு ஒரு மணி நேரம்தான், பிறகு மீண்டும் பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும் என்ற விதியை நான் முன்பே படித்திருந்தேன். படித்தும் அந்த நிரலை அப்படியே என் தாளுக்கு மாற்றினேன். நல்ல செய்தியை நம்புவது எளிதாக இருந்தது.

என் தாளில் காத்திருப்புக்கு என்று ஒரு நிமிடம்கூட இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாப் பிழையும் இதிலிருந்துதான் முளைத்தது.

அன்று நடந்தது

காலையில் பனிமூட்டம். கண்பார்வையை நம்பிப் பறக்கும் சிறு விமானங்கள் எழும்பவில்லை. நாங்கள் ஏரியில் இறங்கியபோது மணி 12.40. எட்டு மணி நேரம் நான்கு மணி இருபது நிமிடமாகச் சுருங்கியிருந்தது. திரும்பும் நேரம் மட்டும் மாறவில்லை.

கரையோரமாக ஒரு இளம் கரடி நடந்துபோனது. அது கடந்து போகும்வரை 25 நிமிடம் கரையிலேயே நின்றோம். அங்கே வழி கரடிக்கு உரியது. மனிதர் விலகி நிற்க வேண்டும், அல்லது நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். பிறகு எல்லோருக்கும் கட்டாயமான "கரடிப் பள்ளி". ஒரு படம் காட்டுகிறார்கள், ரேஞ்சர் ஒருவர் பேசுகிறார், முடிந்ததும் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சிறு வில்லை தருகிறார்கள். கரடியிடமிருந்து 50 கஜம், அதாவது 45 மீட்டர் விலகியிரு. பாதையில் பேசிக்கொண்டோ கைதட்டிக்கொண்டோ நட. கூட்டம் சிதறாதே. ஓடாதே. வெறும் தண்ணீரைத் தவிர எதையும் ஆற்றுப் பக்கம் கொண்டுபோகாதே.

அந்த ரேஞ்சர் பெண், பைகளை வைப்பறையில் வைத்துவிட்டோமா என்று கேட்டார். வைத்துவிட்டோம் என்றோம். "சட்டைப் பைகளையும் தடவிப் பாருங்கள்" என்றார். எங்களில் ஒருவரின் மேலங்கியில் வறுத்த முந்திரிப் பொட்டலம் ஒன்று இருந்தது. காலையில் போட்டு மறந்துபோனது. அவர் முகம் சுளிக்கவில்லை. வைப்பறையைக் காட்டினார், அவ்வளவுதான். இத்தனைக்கும் ஒரு கரடி மனிதரிடம் ஒரு முறை உணவு பெற்றுவிட்டால் அடுத்து வரும் ஒவ்வொரு மனிதரையும் உணவாகவே முகர்ந்து பார்க்கும். மனிதரைப் பார்த்துப் பழகிப்போன கரடி வேறு, மனிதர் உணவுக்குப் பழகிய கரடி வேறு. முதலாவது நம்மைப் பாறையைப் போலக் கடந்து போகும். இரண்டாவது நம்மைத் தேடி வரும். ஒரு கைப்பிடி முந்திரிதான் அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது.

மதிய உணவைத் தள்ளிப்போட்டோம். "வந்த வேலையை முதலில் பார்ப்போம், அப்புறம் சாப்பிடலாம்" என்றேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

கீழ் ஆற்றின் மேல் 2019இல் ஒரு உயர்பாலம் கட்டியிருக்கிறார்கள். முன்பு தண்ணீர்மட்டத்தில் மிதவைப் பாலம் இருந்தது. கரடி அருகில் வந்தால் மணிக்கணக்கில் அடைத்துக்கொள்ளும். இப்போது ஆற்றின்மேல் சிக்கல் குறைவு. ஆனால் பாலத்தின் முனைகளில் நிலத்தில் இறங்கித்தானே ஆக வேண்டும்? மறுமுனை வாயிலை ஒட்டி ஒரு கரடி படுத்திருந்தது. 35 நிமிடம் நின்றோம். கீழே தெளிந்த தண்ணீரில் சால்மன் கூட்டம் ஒரே திசையில் முகம் வைத்து அசையாமல் நின்றதை அப்போது யாரும் சரியாகப் பார்க்கவில்லை. எல்லோரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இன்று நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

மூன்று மணிக்குக் காத்திருப்பு மேடை. பெயர் கொடுத்தோம். 40 நிமிடம். 3.40க்கு அருவி மேடைக்கு அழைத்தார்கள்.

அருவியைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் போதாது. பதினான்கு கரடிகளை எண்ணினேன். அருவியின் விளிம்பில் ஒன்று, கழுத்தை நீட்டி, வாயைப் பாதி திறந்து, சிலைபோல் நின்றது. மீன் தானாக வாய்க்குள் வந்து விழுந்தபோது எழுந்த "டப்" என்ற ஓசை மேடைவரை கேட்டது. கீழே நுரை சுழலும் குழியில் ஒரு மாபெரும் ஆண் கரடி, குளத்தில் குளிக்க உட்கார்ந்த பெரியவரைப் போல மார்பளவு நீரில் அமர்ந்திருந்தது. மீன் தன் உடலில் மோதுவதை உணர்ந்ததும் முன்னங்கால்களால் அமுக்கிக்கொண்டது. இன்னொன்று முகத்தை நீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டே நடந்தது. இன்னொன்று எதையும் பிடிக்கவில்லை. பிடித்தவனிடம் பறிக்கக் காத்திருந்தது. மீன் மலிந்த அந்த நாட்களில் கரடி முழு மீனையும் தின்பதில்லை. தோலையும் மூளையையும் முட்டையையும் எடுத்துக்கொண்டு, கொழுப்புக் குறைந்த சதையை ஆற்றில் விட்டுவிடுகிறது. கீழே சிறு கரடிகளும் கடற்காகங்களும் அதற்காகவே நிற்கின்றன.

நாற்பது நிமிடம். 4.20க்குக் கிளம்பினால்தான் ஐந்து மணி விமானம். "கிளம்புங்கள், கிளம்புங்கள்" என்று எல்லோரையும் மேடையிலிருந்து இறக்கியது நான்தான்.

பதினொரு நிமிடம்

கரைவரை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். உயர்த்திக் கட்டிய பலகைப் பாதை முடிந்ததும் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரக் காடு. பாதை வளைந்து வளைந்து போகிறது. வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது தெரியாது. வரும்போது "ஹே பேர்" (ஏய் கரடி) என்று உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தோம். பதினாறு வயதுப் பெண் அதைக் "கரடியாரே, வருகிறோம்" என்று மாற்றிக்கொண்டாள். எந்த மொழியானாலும் சரி, மனிதக் குரல் என்று தெரிந்தால் போதும் கரடிக்கு. திரும்பும்போது யாரும் எதுவும் சொல்லவில்லை. வேகமாக நடந்தால் மூச்சு வாங்குகிறது. மூச்சு வாங்கினால் பேச்சு நின்றுவிடுகிறது. பதினைந்தே நிமிடத்தில் குழு மூன்றாகப் பிரிந்திருந்தது. முன்னால் ஐவர், நடுவில் நால்வர், கடைசியில் அத்தையும் அவர் கையைப் பிடித்த ஒருவரும் நானும். முன்னவர்களுக்கும் எங்களுக்கும் இடையே நூறு மீட்டராவது இருந்திருக்கும்.

வளைவில் நடந்ததை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஐந்து பேரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதிவைத்தேன். ஒத்துப்போவதை மட்டும் தருகிறேன்.

கரடி அவர்களைப் பார்த்த கணத்தில் தலையைத் தாழ்த்தியது. மூக்கிலிருந்து "ஹுஃப்" என்று காற்றைத் தள்ளியது. தாடைகளை மோதி ஒலி எழுப்பியது. குட்டிகள் இரண்டும் பின்னங்கால்களில் எழுந்து நின்று எட்டிப் பார்த்தன. இதற்குள் முன்னால் இருந்த இளைஞர் திரும்பி மூன்று நான்கு எட்டு ஓடிவிட்டார். கரடி ஒரு எட்டு முன்னே வைத்தது. ஓடும் எதையும் துரத்துவது அதன் இயல்பு. மனிதரால் கரடியின் ஓட்டத்தை ஒருநாளும் வெல்ல முடியாது.

இரண்டாவதாக வந்தவர் எங்கள் எல்லோருக்கும் அக்கா. மருத்துவமனை அவசரப் பிரிவில் இருபது ஆண்டு வேலை பார்த்தவர். ஓடியவரின் தோள்பை வாரைப் பிடித்து நிறுத்தினார். குரலை உயர்த்தாமல் சொன்னார்: "தம்பி, ஓடாதே. என் பக்கத்தில் வந்து நில்." அவர் நின்றார். ஐவரும் தோளோடு தோள் ஒட்டினார்கள். கரடியைப் பார்த்து அக்கா பேசத் தொடங்கினார். "போகிறோம் அம்மா, போகிறோம். நீ போ. குட்டியைக் கூட்டிக்கொண்டு போ." பேசிக்கொண்டே, கரடிக்கு முதுகைக் காட்டாமல், ஒவ்வொரு எட்டாகப் பின்வாங்கிப் பாதையை விட்டு மரங்களுக்கு இடையில் ஒதுங்கினார்கள்.

கரடி உடனே போகவில்லை. பக்கவாட்டில் திரும்பி நின்றது. ஒரு நீண்ட கொட்டாவி விட்டது. அது சோர்வினால் வந்த கொட்டாவி அல்ல. கரடிக்கு மனம் இறுக்கமாக இருக்கும்போதும் கொட்டாவி வரும் என்று கரடிப் பள்ளியில்தான் கேட்டிருந்தார்கள். வாயோரம் எச்சில் நுரைத்திருந்தது. பின்னால் வந்த நாங்கள் ஏழு பேரும் அக்காவின் குரலைக் கேட்டுத் தூரத்திலேயே நின்றுவிட்டோம். 4.46க்குத் தாய் பாதையை விட்டு ஆற்றுப் பக்கமாகப் புதருக்குள் இறங்கியது. குட்டிகள் பின்னால் உருண்டு ஓடின.

பாலத்தில் நின்ற ரேஞ்சரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். எவ்வளவு தொலைவு, யாராவது ஓடினார்களா, யாரிடமாவது உணவு இருந்ததா என்று மூன்று கேள்விகள் கேட்டுக் குறித்துக்கொண்டார். மூன்றாவது கேள்விக்கு "இல்லை" என்று சொன்னபோது, சட்டைப் பையைத் தடவிப் பார்க்கச் சொன்ன அந்த ரேஞ்சர் பெண்ணை மனத்துக்குள் கும்பிட்டேன்.

விட்டுப்போன விமானம்

கரைக்கு வந்தபோது 5.40. விமானம் போயிருந்தது. அடுத்தது 8.15க்கு என்றார்கள். நான் இடிந்துபோய் நின்றேன். அத்தை என் தோளைத் தட்டினார். "போனால் போகட்டும் கண்ணா. பசிக்கிறது. முதலில் சாப்பிடுவோம்."

வேலியிட்ட இடத்தில் உட்கார்ந்து, காலைக்குப் பிறகான முதல் சாப்பாட்டைச் சாப்பிட்டோம். பிறகு பாலத்தை ஒட்டிய கீழ் ஆற்று மேடைக்குப் போனோம். ஜூலையில் அங்கே இரவு பதினொரு மணிவரை வெளிச்சம் இருக்கிறது. ஒருநாள் பயணிகள் பெரும்பாலும் கிளம்பிவிட்டிருந்தார்கள். போக வேண்டிய இடம் என்று எங்களுக்கும் எதுவும் மிச்சமில்லை.

6.30 வாக்கில் ஒரு தாய் இரண்டு குட்டிகளுடன் எதிர்க்கரையில் வந்தது. முன்பு பாதையில் நின்ற அதே குடும்பம்தான் என்று ரேஞ்சர் அடையாளம் சொன்னார். வெளிறிய காதோரமும் இடத்தோளில் பழைய தழும்பும். குட்டிகளைக் கரைப் புல்லில் விட்டுவிட்டு அது ஆற்றில் இறங்கியது. அருவியில் மீன் வாய்க்கு வருகிறது. கீழ் ஆற்றில் மீனைத் துரத்த வேண்டும். ஜூலை மீனுக்கு வேகம் குறைந்திருக்காது. தாய் பாய்ந்தது, தண்ணீர் சிதறியது, வெறுங்கையோடு நிமிர்ந்தது. மறுபடி பாய்ந்தது. ஓடிய தம்பி வாய்க்குள்ளேயே எண்ணிக்கொண்டிருந்தார். எட்டு முறை தவறியது. ஒவ்வொரு முறைக்கும் இடையில் அது மூச்சு வாங்கி நிற்பதை விலா அசைவில் பார்க்க முடிந்தது. ஒன்பதாவது பாய்ச்சலில் பிடித்தது.

கரைக்கு வந்து, வலது முன்னங்காலால் மீனின் தலையை அமுக்கி, செவுளுக்குப் பின்னால் பல்லை வைத்துத் தோலை ஒரே இழுப்பில் வால்வரை உரித்தது. தேங்காய் நாரைக் கிழிப்பதுபோல ஓர் ஓசை. குட்டிகள் இரண்டும் உறுமிக்கொண்டே ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தன. ஒரு குட்டியின் மூக்கில் செம்முத்துப்போல ஒரு முட்டை ஒட்டியிருந்தது. அது நாக்கை நீட்டி நீட்டி எடுக்கப் பார்த்தது. எங்களில் யாரும் பேசவில்லை. "பதினொரு நிமிடம் நம்மால் நின்றதே, அண்ணா" என்று தம்பி மெதுவாகச் சொன்னார். அந்த ஒன்பது பாய்ச்சலைப் பார்த்த பிறகுதான் அந்தப் பதினொரு நிமிடத்தின் விலை எங்களுக்கு விளங்கியது.

பின்னோக்கிப் பார்த்தால்

அவர் ஓடியது ஏன்? கரடி மிக அருகில் இருந்தது. ஏன் அருகில்? குரல் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை? வேகம். ஏன் வேகம்? ஐந்து மணி விமானம். பனிமூட்டத்தைக் குறை சொல்லலாம், ஆனால் அந்தப் பகுதியில் பனிமூட்டமும் மழையும் அன்றாடம். காத்திருப்பு இல்லாத புரூக்ஸ் பயணம் என்று ஒன்று கிடையாது. கரையில் 25, பாலத்தில் 35, மேடைக்கு 40 என்று அன்று நாங்கள் நின்ற நிமிடங்கள் எல்லாம் அந்த இடத்தின் வழக்கமான நிமிடங்கள். நான் அவற்றை இடையூறு என்று எண்ணியதால்தான் ஒவ்வொன்றும் எங்கள் அவசரத்தைக் கூட்டியது.

அங்கே மனிதரும் கரடியும் இவ்வளவு நெருக்கத்தில் இருக்க முடிவதற்குக் காரணம், மனிதர் நேற்று நடந்ததுபோலவே இன்றும் நடப்பார் என்று கரடி கற்றுக்கொண்டிருப்பது. அதே காட்மாயின் எல்லைக்கு வடக்கே மக்நீல் ஆற்றுச் சரணாலயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 1973 முதல் அங்கே குலுக்கலில் அனுமதி. ஒரு நாளைக்குப் பத்துப் பேர், ஒரே நேரத்தில் கிளம்பி, ஒரே பாதையில், வழிகாட்டியோடு ஒரே குழுவாகப் போய்த் திரும்புகிறார்கள். சில மீட்டர் தொலைவில் கரடிகள் கடந்து போகின்றன. அந்த முறை வந்ததிலிருந்து அங்கே ஒருவரையும் கரடி காயப்படுத்தியதில்லை. நாங்கள் போகும்போது உரக்கப் பேசி நடந்த பன்னிரண்டு பேர்; திரும்பும்போது ஓசையில்லாமல் விரையும் மூன்று துண்டுகள். அந்தத் தாய்க்கு நாங்கள் புதிய, விளங்காத விலங்காக இருந்திருப்போம்.

பசியும் ஒரு காரணம். அதை நான் முதலில் எழுதவில்லை, அக்காதான் சேர்க்கச் சொன்னார். காலை ஆறு மணிக்குப் பிறகு யாரும் சாப்பிடவில்லை. பசித்தவர்களுக்குக் கரை மட்டும்தான் கண்ணில் இருந்தது என்றார். கடைசியாக, குழுவின் அளவு. பன்னிரண்டு பேர் ஒரே குரலில் நடப்பது கடினம். மெதுவாக நடப்பவரைப் பின்னால் வைத்தால் குழு நீளும். முன்னால் வைத்தால் நீளாது. இது மலையேறுபவர்கள் எல்லோரும் அறிந்தது. அத்தையை முன்னால் நடக்கவிட எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த முறைக்கு

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அரிதானது தங்கும் இடம். மின்வேலியிட்ட கூடார முகாமில் மொத்தமே 60 பேருக்குத்தான் இடம். ஜனவரி முதல் வாரத்தில் முன்பதிவு திறந்த அன்றே உட்கார்ந்து பதிந்துவிட்டேன். மூன்று இரவு. ஆறு பேர். மற்ற ஆறு பேர் செப்டம்பரில் போகிறார்கள். அப்போது முட்டையிட்டு ஓய்ந்த மீன்களைத் தேடிக் கரடிகள் கீழ் ஆற்றுக்குத் திரும்பும், வயிறு தரையைத் தொடும் அளவுக்குப் பெருத்திருக்கும். ஆகஸ்டு மாதத்தைத் தவிர்த்தோம். புரூக்ஸ் ஆற்றில் கரடிகள் குறைந்து, வேறு ஓடைகளுக்குக் கலைந்திருக்கும் மாதம் அது.

முதல் நாள் அருவிக்குப் போவதாக இல்லை. பாலத்தில் நின்று, தண்ணீருக்குள் முகம் வைத்து நிற்கும் அந்த மீன் கூட்டத்தைப் பார்க்கப்போகிறோம். சாப்பிட்ட பிறகுதான் பாதையில் இறங்குவது. திரும்பும் விமானத்துக்கு முந்தைய ஆறு மணி நேரத்தில் காட்டுப் பாதையில் யாரும் நடக்கக் கூடாது.

நடை வரிசையையும் எழுதிவிட்டேன். அத்தை இரண்டாவது. அக்கா கடைசி. முதலில் நடந்து, ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் நின்று குரல் கொடுக்கும் வேலையை அன்று ஓடிய தம்பி கேட்டு வாங்கிக்கொண்டார்.